பாக்கெட்ல ஒரு கல்லு, கையில ஊசி நூலு: புதுசா தொடங்குறவங்களுக்கு

நடந்து போற வழியில ஒரு கல்லு கண்ணுல படும். பெருசா ஒண்ணும் விசேஷம் இல்ல, வழுவழுன்னு இருக்கு அவ்வளவுதான், குனிஞ்சு எடுத்து பாக்கெட்ல போட்டுக்குவோம், ரெண்டு நாள் கழிச்சு வாஷிங் மெஷின்ல கடகடன்னு சத்தம் கேக்கும்போதுதான் ஞாபகம் வரும். இந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தா பாதி வேலையை ஏற்கனவே முடிச்சுட்டீங்க. மீதிப் பாதி துணி, ஊசி, நூலு.

கீழ கிடந்த இயற்கைப் பொருள், அதாவது கல்லு, காய்ஞ்ச இலை, குச்சி, விதை, கிளிஞ்சல், மரப்பட்டை இதெல்லாம் எடுத்துட்டு வந்து துணியோடயும் நூலோடயும் சேர்த்து ஏதாவது பண்றதுதான் விஷயம். அந்தப் பொருளைத் துணி மேல தைக்கலாம், நூலால சுத்தலாம், குச்சியையே தறி மாதிரி வச்சு நெய்யலாம், இல்ல இலையோட சாயத்தை மட்டும் துணிக்கு மாத்தலாம். டெக்ஸ்டைல் ஆர்ட்னு சொன்னதும் பெரிய தறி, எம்பிராய்டரி டிப்ளமோன்னு பயந்துடாதீங்க. தையல்சிட்டு இருக்கே, அது என்ன பண்ணுது, இலை ஓரத்துல அலகால ஓட்டை போட்டு, நாரையும் சிலந்தி நூலையும் உள்ள விட்டு இழுத்து, இலையைச் சுருட்டித் தைச்சு உள்ள கூடு கட்டிடுது. அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல. (இந்த உதாரணத்தை நான் யார்கிட்ட சொன்னாலும் "அது பறவைங்க, எனக்கு பட்டன் தைக்கவே வராது"ன்னுதான் பதில் வருது, பரவால்ல.)

சரி, இதுல மனசுக்கு என்ன ஆறுதல்? நிறைய பேர் "கிரியேட்டிவா ஏதாவது பண்ணுங்க, ஸ்ட்ரெஸ் போயிடும்"னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மனசு சரியில்லாத நேரத்துல ஒரு வெள்ளைத் துணியை முன்னாடி விரிச்சு வச்சு "ஏதாவது பண்ணு"ன்னா அதை விடக் கொடுமை வேற இல்ல, என்ன கலர், என்ன டிசைன், நல்லா வருமா வராதான்னு முடிவு மேல முடிவா எடுக்கணும், ஏற்கனவே முடிவெடுத்து முடிவெடுத்துதான் களைச்சுப் போய் உக்காந்திருக்கோம். கீழ கிடந்த பொருளோட வேலை செய்யுறது வேற மாதிரி. கல்லோட வடிவத்தை நீங்க மாத்த முடியாது. அது வளைஞ்ச இடத்துல நூலு வளையணும், மேடா இருந்தா நூலு ஏறி இறங்கணும். முக்கால்வாசி முடிவை கல்லே எடுத்துடுது, கை பின்னாடியே போனாப் போதும். என்னைப் பொறுத்தவரைக்கும் நிம்மதி வர்றது இங்கதான், அழகா ஒண்ணு செஞ்சு முடிக்குறதுல இல்ல.

தேடிப் போற நடையும் கணக்குல சேரும். சுற்றுச்சூழல் உளவியல்ல ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான்னு ரெண்டு பேர் 1980கள்ல ஒரு கோட்பாடு சொன்னாங்க. நம்ம கவனம் ரெண்டு வகை, ஒண்ணு நாமளே வலிய இழுத்துப் பிடிச்சு வைக்குற கவனம், ஆபீஸ் வேலை, பரீட்சை, டிராஃபிக் மாதிரி, அது பயன்படுத்தப் பயன்படுத்த தீர்ந்து போகும். இன்னொண்ணு இலை அசையுறது, தண்ணி ஓடுறது, மேகம் நகர்றது மாதிரி விஷயங்கள் மெல்லமா தானே இழுக்குற கவனம், அது ஓடிட்டு இருக்கும்போது முதல் வகை ஓய்வு எடுத்துக்கும்னு அவங்க வாதம். தரையைப் பாத்துக்கிட்டே மெதுவா நடந்து, "இந்த இலையில பூச்சி தின்ன ஓட்டை நல்லா இருக்கே"ன்னு நின்னு பாக்குறது சரியா அந்த ரெண்டாவது வகைல வரும்.

இன்னொரு ஆராய்ச்சியும் அடிக்கடி கண்ணுல படும். 2016ல வெளியானது, அமெரிக்காவுல டிரெக்சல் பல்கலைக்கழகத்துல கிரிஜா கைமல்ங்கறவங்களோட குழு 39 பேரை 45 நிமிஷம் கலை வேலை செய்ய விட்டு, முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்டிசால் அளவைப் பாத்தாங்க, அதாவது ஸ்ட்ரெஸ் ஹார்மோன். கிட்டத்தட்ட முக்கால்வாசி பேருக்கு குறைஞ்சிருந்துச்சு, முன்ன பின்ன கலை பழகினவங்களா இல்லையாங்கறது பெருசா வித்தியாசம் காட்டல. ஆனா அவங்களுக்குக் குடுத்தது மார்க்கர், களிமண், கொலாஜ் பேப்பர், ஊசி நூலு கிடையாது, கலை வேலை செய்யாம சும்மா உக்காந்திருந்த இன்னொரு குழுவோட ஒப்பிடவும் இல்ல. அதனால "விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு"ன்னு நான் குதிக்க மாட்டேன். ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான். தூக்கமே இல்லாம, சாப்பிடப் பிடிக்காம வாரக்கணக்குல போகுதுன்னா அதுக்கு டாக்டர்தான், கல்லு இல்ல.

நான் இதுக்குள்ள வந்ததும் தூக்கம் இல்லாத ஒரு காலத்துலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை எடுத்தா நாலு மணி ஆயிடும். ஒரு நாள் ஃபோன் சார்ஜ் இல்ல, மேஜை மேல ஒரு கூழாங்கல்லு கிடந்துச்சு, பக்கத்துல பட்டன் தைச்ச நூலு. சும்மா சுத்த ஆரம்பிச்சேன். கேவலமா வந்துச்சு, நிஜமா சொல்றேன், வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. ஆனா மணி பாக்கும்போது அரைமணி நேரம் எதையும் யோசிக்கலன்னு தெரிஞ்சுது.

அதனால முதல் வேலையா கல்லையே சொல்றேன், அதையும் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

தட்டையான, உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்னக் கல்லு ஒண்ணு எடுங்க. ரெண்டு மூணு சென்டிமீட்டர் போதும், பெருசா எடுத்தா கனத்துக்குத் துணி தொங்கிடும். சோப்பு போட்டுக் கழுவி நல்லா காய வைங்க. துணி கெட்டியான பருத்தியா இருக்கட்டும், பழைய பெட்ஷீட் கிழிச்சதே போதும், கல்லு கனமா இருந்தா ரெண்டு மடிப்பா வச்சுக்கங்க. நூலு எம்பிராய்டரி நூலு, அதுல ஆறு இழை இருக்கும், மூணு இழையைப் பிரிச்சு எடுத்துக்கங்க. கல்லைத் துணி மேல வச்சு பென்சில்ல சுத்தி கோடு போடுங்க. கல்லை எடுத்துட்டு அந்தக் கோட்டு மேல பேக் ஸ்டிட்ச் போட்டுட்டே வாங்க, அதாவது ஊசியை ஒரு தையல் தூரம் முன்னாடி எடுத்து, திரும்பப் பின்னாடி வந்து முந்தின தையல் முடிஞ்ச இடத்துல குத்துறது, ஒவ்வொரு தையலும் மூணு நாலு மில்லிமீட்டர். ஒரு முழு வட்டம் முடிஞ்சதும் கல்லைத் திரும்ப நடுவுல வைங்க. இப்பதான் சுவாரசியம்.

காஜா தையல் தெரியும்ல, சட்டையில பட்டன் ஓட்டைக்கு ஓரம் அடிப்பாங்களே, அதேதான். ஆனா இங்க ஊசி துணிக்குள்ள போகாது. நீங்க போட்ட பேக் ஸ்டிட்ச் இருக்குல்ல, அதுக்கு அடியில மட்டும் ஊசியை விட்டு, நூலு ஊசி முனைக்குக் கீழ வர்ற மாதிரி வச்சு இழுத்தா ஒரு கண்ணி விழும். அடுத்த தையல்ல அடுத்த கண்ணி. ஒரு சுத்து முடிஞ்சா, ரெண்டாவது சுத்துக்குத் துணியும் வேணாம் பேக் ஸ்டிட்ச்சும் வேணாம், முதல் சுத்துக் கண்ணிகளுக்குள்ளயே ஊசி போகும். அப்படியே கல்லு மேல வலை மாதிரி ஏறிட்டே வரும். கல்லு மேல வரவர குறுகுதுல்ல, அதனால அங்கங்க ஒரு கண்ணியை விட்டுட்டு அடுத்ததுல போடுங்க, வலை தானா சுருங்கிக் கல்லைக் கவ்விக்கும். எங்க நிறுத்தணும்ங்கறது உங்க இஷ்டம், கல்லு அசையாம நிக்குதுன்னா போதும், நடுவுல கல்லோட முகம் கொஞ்சம் தெரியுற மாதிரி விட்டா எனக்குப் பிடிக்கும். கடைசிக் கண்ணிகள் எல்லாத்துக்குள்ளயும் ஒரு தடவை நூலை ஓட்டி, இறுக்கி, ஓரமா கீழ இறங்கி துணிக்குப் பின்னாடி முடிச்சு.

ஒரு சின்ன டிரிக். ஊசி முனை நூலைக் குத்திப் பிளந்துட்டே இருந்தா ஊசியைத் திருப்பிப் பிடிச்சு காதுப் பக்கமா உள்ள விடுங்க. மொட்டை முனை ஊசி இருந்தா இன்னும் நல்லது. முதல் தடவை எனக்கு யாரும் இதைச் சொல்லல, பாதி நூலு பஞ்சாப் பிரிஞ்சு போச்சு.

கண்ணி இறுக்கம் எல்லாம் ஒரே மாதிரி வராது. முதல் ரெண்டு சுத்து தொளதொளன்னு இருக்கும், மூணாவது சுத்துல தோள் இறங்குறதை நீங்களே கவனிப்பீங்க, அதுக்கு அப்புறம் கண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு போல விழும். எரிச்சலா இருந்த நாளோட தையல் இறுக்கமா இருக்கும், களைப்பா இருந்த நாளோடது தளர்வா இருக்கும், பின்னாடி பாத்தா தெரியும். அதைப் பிரிச்சுத் திரும்பப் போட வேணாம்.

கல்லைச் சுத்திக் கட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. ஜப்பான்ல தேநீர்த் தோட்டங்கள்ல கறுப்புக் கயிறு கட்டின ஒரு சின்னக் கல்லைப் பாதையில வச்சிருப்பாங்க, செகிமோரி இஷின்னு பேரு, இந்தப் பக்கம் போகாதீங்கன்னு அர்த்தம். போர்டு இல்ல, கேட் இல்ல, கயிறு கட்டின ஒரு கல்லு.

குச்சிக்கு வருவோம். ஒய் வடிவத்துல, கவட்டை மாதிரி பிரியுற குச்சி கிடைச்சா அதுவே தறி. ரெண்டு கிளைக்கும் நடுவுல நூலை இழுத்து இழுத்துச் சுத்துங்க, ஒவ்வொரு சுத்துலயும் கிளையில ஒரு தடவை வளைச்சுக் கட்டினா வழுக்காது. இதுதான் பாவு. இதுக்குக் குறுக்க ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கோத்துட்டுப் போறது ஊடை. ஊடைக்கு நூலுதான் வேணும்னு இல்ல, கிழிச்ச துணித் துண்டு, காய்ஞ்ச புல்லு, வாழை நாரு, கம்பளி எது வேணாலும் நுழைக்கலாம், நடுவுல ஒரு இறகோ காய்ஞ்ச பூத்தண்டோ சொருகிடலாம். குச்சி காய்ஞ்சதா இருக்கணும். நான் முதல்ல பச்சைக் குச்சியில அழகா இறுக்கிக் கட்டி சுவத்துல மாட்டி வச்சேன், ஒரு மாசத்துல குச்சி சுருங்கி, பட்டை உரிஞ்சு, பாவு எல்லாம் துணி காயப்போடுற கயிறு மாதிரி தொங்கிருச்சு. லேசா வளைச்சுப் பாருங்க, பட்டுன்னு ஒடிஞ்சா அது ரொம்பப் பழசு, அதுவும் வேணாம்.

கிளிஞ்சலைத் தைக்க ஓட்டை வேணுமே, டிரில் வேணுமான்னு கேப்பாங்க. கடற்கரையில கொஞ்சம் பொறுமையாத் தேடினா, ஏற்கனவே ஒரு குட்டி வட்ட ஓட்டையோட கிளிஞ்சல் கிடைக்கும், விளிம்பு சரிவா, மெஷின்ல போட்ட மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கும். அது நத்தை வேலை. நாட்டிசிட்னு ஒரு கடல் நத்தைக் குடும்பம், சிப்பி மேல ஏறி உக்காந்து, அமிலத்தை விட்டு சிப்பியோட மேலோட்டை இளக்கி, நாக்கு மாதிரி இருக்குற அரத்தால சுரண்டி ஓட்டை போட்டு உள்ள இருக்குற சதையைத் தின்னுரும். ஒரு கொலைக்கான தடயத்துல நீங்க நூலு கோக்கப் போறீங்க, அது வேற விஷயம். விதைகள்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, ஜாப்ஸ் டியர்ஸ்னு ஒரு புல்லு, சாம்பல் நிறத்துல கண்ணீர்த் துளி மாதிரி விதை வரும், நடுவுல இருக்குற தண்டை உருவினா இயற்கையாவே ஓட்டை, மணியாக் கோத்துக்கலாம்.

குன்றிமணி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. சிவப்பும் கறுப்புமா அவ்வளவு அழகு, ஆனா உள்ள அப்ரின்னு கடுமையான விஷம் இருக்கு. முழு விதையோட ஓடு கெட்டியா இருக்குறதால விஷம் வெளிய வராது, ஆனா ஓட்டை போட்டாலோ உடைச்சாலோ வரும், டிரில் பண்ணும்போது பறக்குற தூள் மூக்குக்குள்ள போறது ரொம்ப ஆபத்து. குழந்தைங்க இருக்குற வீட்டுல அதை எடுக்கவே வேணாம். அதுக்குப் பதிலா மஞ்சாடி விதை, முழுச் சிவப்பு, பளபளன்னு இருக்கும். அதையும் ஓட்டை போடாம, கல்லுக்குச் சொன்ன மாதிரி வலைக்குள்ள பிடிச்சு வைக்கலாம்.

ஊசியே ஆகாதுங்கறவங்களுக்கு இலைச்சாயம். இருக்குறதுலயே சுலபம் சுத்தியல் முறை, ஜப்பான்ல டடாகிசோமேன்னு சொல்லுவாங்க. பருத்தித் துணியை நல்லாத் துவைச்சு கஞ்சி, பசை எல்லாம் போக்கிட்டு, மரப்பலகை மேல விரிச்சு, புதுசாப் பறிச்ச மெல்லிசான இலையை வச்சு, மேல ஒரு பேப்பர் போட்டு, சுத்தியால தட்டணும். நடுவுல இருந்து ஆரம்பிக்காதீங்க, ஓரம் முழுக்கத் தட்டிட்டு அப்புறம் உள்ள வாங்க, அப்பதான் வடிவம் தெளிவா விழும். தடிச்ச சாறு இலை எடுத்தா சட்னி ஆயிடும். கோவத்துல இருக்குற நாளுக்கு இதை விட நல்ல வேலை இல்லன்னு சொல்லுவேன், பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்கங்கறதைத் தவிர. ஆனா இந்தப் பச்சை நிக்காது. வெயில் பட்டா மெதுவா பழுப்பா மாறும். கொஞ்சமாவது நிக்கணும்னா துணியை முன்னாடியே படிகாரத் தண்ணில ஊற வைக்கணும், 100 கிராம் துணிக்கு 10லேருந்து 15 கிராம் படிகாரம், வெந்நீர்ல கரைச்சு ஒரு ராத்திரி.

அடுத்த படி எகோ பிரிண்ட். ஆஸ்திரேலியாவுல இந்தியா ஃபிளின்ட்ங்கற கலைஞர் மூலமா பரவலாத் தெரிய வந்த முறை, பேருதான் இந்தியா, நம்ம ஊருக்கு சம்பந்தம் இல்ல. துணி மேல இலைகளைப் பரப்பி, ஒரு குச்சியோட இறுக்கமாச் சுருட்டி, நூலால வரிஞ்சு கட்டி, ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆவியில வைக்கணும். கம்பளியும் பட்டும் சாயத்தை லபக்குன்னு பிடிச்சுக்கும், பருத்தி கொஞ்சம் அடம் பிடிக்கும், அதுக்கு முன்னாடி கடுக்காய்த் தண்ணில நனைச்சு எடுத்தா உதவும். யூகலிப்டஸ் இலை கம்பளியில ஆரஞ்சு, செம்பழுப்பு குடுக்கும், இளம் தேக்கிலை சிவப்பு ஊதா குடுக்கும். துரு ஆணி ஊற வைச்ச தண்ணி கொஞ்சம் பட்டா துவர்ப்பு இருக்குற இலை எல்லாம் சாம்பலும் கறுப்பும் ஆயிடும், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தா கறுக்கும், பழைய காலத்து மை செஞ்சதும் இதே சேர்க்கைதான். சமையல் பாத்திரத்தை இதுக்கு எடுக்காதீங்க, எடுத்தாத் திரும்ப சமையலுக்கு வேணாம். அரளி, எருக்கு மாதிரி விஷச் செடிகளை ஆவியில வைக்கவே கூடாது. மத்தபடி கட்டைப் பிரிக்குற அந்த நிமிஷம் இருக்கே, ஆவி அடங்கினதும் உடனே பிரிச்சுடணும்னு கை துடிக்கும், ஒரு நாள் விடுங்க, ஆறட்டும். எனக்கு இந்தக் காத்திருப்புதான் ரொம்பப் பிடிச்ச பகுதி, மறுநாளைக்கு எதிர்பார்க்க ஒண்ணு இருக்குல்ல. சில நாட்கள்ல அது பெரிய விஷயம்.

எடுக்குறதுக்கும் கொஞ்சம் ஒழுங்கு இருக்கு. கீழ விழுந்ததை மட்டும் எடுங்க, சாயத்துக்குப் பச்சை இலை வேணும்னா ஒரே செடியை மொட்டை அடிக்காதீங்க. கிளிஞ்சலைத் திருப்பிப் பாருங்க, உள்ள துறவி நண்டு குடியிருக்கலாம், காலி நத்தைக் கூடுதான் அதுக்கு வீடு. தேசியப் பூங்கா, சரணாலயத்துல எதையும் தொடாதீங்க. இறகு விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவுல 1918லயே வந்த ஒரு சட்டப்படி பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளோட இறகைக் கீழ கிடந்தாக் கூட எடுத்து வச்சுக்கக் கூடாது. வீட்டுக்குள்ள கொண்டு வந்ததும் விதை, இறகு, பட்டை எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு ரெண்டு வாரம் ஃபிரீசர்ல வச்சுடுங்க, பூச்சி, முட்டை எல்லாம் செத்துரும். இதைச் செய்யாம விட்டு எங்க வீட்டுல ஒரு கம்பளி ஸ்வெட்டர் சல்லடையா ஆச்சு, அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல விரும்பல.

யாரையாவது இழந்த வலியில இருக்குறவங்க சில பேர், இறந்து போனவங்க போட்டிருந்த சட்டையிலேயே இந்த மாதிரி தையல் பண்ணலாமான்னு கேட்டாங்க. பண்ணலாம், ஆனா அதுல முதல்ல பழகாதீங்க. வேற துணியில அஞ்சாறு தடவை தைச்சு கை பழகினதுக்கு அப்புறம் எடுங்க. சட்டையை முழுசா வெட்டாம, உள்பக்க மடிப்புலயோ பாக்கெட்லயோ ஒரு சின்னத் துண்டு போதும். துவைக்கலாமா வேணாமான்னும் முதல்லயே யோசிச்சுக்கங்க, துவைச்சா அந்த வாசம் போயிடும்.

இலையைத் துணியில அப்படியே தைக்க ஆசை இருந்தா, காய்ஞ்ச இலை ஊசி பட்டதும் நொறுங்கிடும். கிளிசரின் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு கலந்து அதுல சில நாள் மூழ்க வச்சு எடுத்தா இலை தோலு மாதிரி வளைஞ்சு குடுக்கும், தைக்கலாம். இது தெரியாத காலத்துல நான் ஒரு அரச இலையை ஓரம் முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, நரம்பு மேலயும் தைச்சு மாட்டி வச்சேன். எட்டு மாசத்துல இலை கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து தரையில தூளாக் கிடந்துச்சு, துணியில மிச்சம் இருந்தது தையல் மட்டும். சுத்தி ஓரம், நடுவுல நரம்பு, அந்த நீளமான வால் முனை. கழட்டலாம்னு எடுத்தேன், அப்புறம் அப்படியே திரும்ப மாட்டிட்டேன்.